ஆவணி லீவில் ஏற ஒரு கல்மலை: ஹட்டன் பக்கமா, எல்ல பக்கமா?

வாவிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் மட்டக்களப்பிலிருந்து பண்டாரவளைக்கு, மாமா வீட்டுக்கு வருகிறோம். நான், தம்பி, பெரியப்பாவின் மகளான அக்கா, அவளுடைய மகன். பையனுக்குப் பதினான்கு வயது. ஒரு நாள் எங்காவது மலை ஏற வேண்டும், இருட்டுமுன் வீடு திரும்பிவிட வேண்டும். உச்சி காடாக இருக்கக் கூடாது, வெறும் கல்லாக இருக்க வேண்டும் என்பது பையனின் நிபந்தனை.

அவன் கேட்பது ஹட்டன் பக்கத்துச் சிவனொளிபாதமலை. தம்பி கேட்பது கிரிகல்பொத்த. மாமா, "எல்ல ராக்குக்குப் போங்க, மற்றதெல்லாம் வீண் அலைச்சல்" என்கிறார். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. மாமாக்கள் இப்படித்தான். ஏறிப் பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஓடித்திரிபவன் எழுதியது:

தம்பி சொல்வதைக் கேளுங்கள். கிரிகல்பொத்த 2,388 மீற்றர், இலங்கையில் இரண்டாவது உயரம். முதலாவதான பிதுருதலாகலையில் இராணுவ முகாமும் தொலைக்காட்சிக் கோபுரமும் இருப்பதால் அங்கே வாகனத்தில்தான் போய் வர வேண்டும். ஆகவே காலால் ஏறிப் பார்க்கக்கூடியவற்றில் இதுவே உச்சம். ஹோர்ட்டன் சமவெளிக்குள் ஃபார் இன் என்ற பார்வையாளர் நிலையத்தின் பக்கத்தில் பாதை தொடங்குகிறது. போக ஏழு கிலோமீற்றர், வர ஏழு. உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்க முண்டியடிக்கிற கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட இந்தப் பக்கம் திரும்புவதில்லை. வாசல் திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். பைகளைத் திறந்து பொலித்தீனைப் பிடுங்கிவிடுவார்கள், சாப்பாட்டை டப்பாவில் கொண்டு போங்கள்.

பசறைக்காரன் எழுதியது:

நல்ல மலைதான். ஆனால் ஜனவரி, பெப்ரவரியில். ஆகஸ்டில் அங்கே போனால் மேகத்துக்குள் தம்பிக்கும் பையனுக்கும் தெரியப்போவது முன்னால் நடக்கிறவரின் முதுகு மட்டும்.

மாமா சொல்லாத காரணத்தை நான் சொல்கிறேன். உங்கள் ஊரில் ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும், தெரியும்தானே? உதடு வெடிக்கும், கொடியில் போட்ட சாரம் ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும். அந்தக் காற்று கடலிலிருந்து கிளம்பும்போது நல்ல ஈரக் காற்று. தென்மேற்கிலிருந்து வந்து மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன் பக்கத்துச் சரிவுகளில் ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த தண்ணீரை அங்கேயே கொட்டிவிடுகிறது. நடு மலைத்தொடரைத் தாண்டி, பண்டாரவளையும் எல்லவும் இருக்கும் ஊவாவுக்குள் இறங்கும்போது கையில் ஒன்றும் மிச்சமில்லை. இறங்க இறங்கச் சூடும் ஏறுகிறது. மட்டக்களப்புக்கு வந்து சேரும்போது அது நீங்கள் திட்டும் கச்சானாகிவிடுகிறது.

நம்பாவிட்டால் கோச்சியில் வந்து பாருங்கள். தொடருக்கு அந்தப் பக்கம், பட்டிப்பொலையில் மேகமும் தூறலுமாக இருக்கும், ஜன்னலை மூடு என்று சத்தம் போடுவார்கள். ஓஹியவுக்கு முன்னால் உள்ள சுரங்கத்தைத் தாண்டினால் வெயில். எல்லா நாளும் அப்படி நடக்காது. ஆனால் இந்தக் காலத்தில் அடிக்கடி நடக்கும்.

எங்கள் பக்கத்தில் இதைத் தேயிலையை வைத்துத்தான் கணக்குப் பார்ப்போம். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவது ஜூலை முதல் செப்டெம்பர் வரை. அந்தக் காய்ந்த காற்றில் கொழுந்து மெதுவாக வளர்வதால்தான் அந்த வாசம். ஹட்டன் பக்கத்துத் திம்புலைத் தேயிலைக்கு அந்தக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. எந்தப் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல காலமோ, அந்தப் பக்கத்து மலைக்கு அது ஏறும் காலம். சிவனொளிபாதப் பருவத்தை மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக்கோடு முடித்துக்கொள்வதற்கும் இதே மழைதான் காரணம். ஆகஸ்டில் அந்தப் படிகளில் விளக்கு எரியாது, வழிக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், படி வழுக்கும்.

எல்ல, ஹப்புத்தளை, பண்டாரவளை, நமுனுகுல எல்லாம் இப்போது காய்ந்து கிடக்கும். மாமா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

வடமராட்சியான் எழுதியது:

பசறை அண்ணை நல்லா வகுப்பெடுக்கிறார். ஆனால் நான் ஒரு ஜூலையில் நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதம் ஏறினேன். மழையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆளே இல்லாத படியில் ஏறுவது தனிச் சுகம். பருவத்தில் போனால் ஒரு படி ஏற அஞ்சு நிமிஷம் வரிசையில் நிற்க வேணும்.

பசறைக்காரன் எழுதியது:

தம்பி, உங்களுக்கு ஒரு நல்ல நாள் கிடைத்திருக்கிறது, சந்தோஷம். இவர்களுக்கு லீவில் இருப்பது ஒரு நாள். பையனையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். நான் நல்லதண்ணிப் பக்கம் அனுப்பமாட்டேன்.

வாவிக்கரை எழுதியது:

கச்சானை இத்தனை நாள் சும்மா திட்டியிருக்கிறோம். சரி, எல்ல ராக் என்றே வைத்துக்கொள்வோம். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? கைடு தேவையா? தண்டவாளத்தில் நடந்து போகிற வீடியோக்களாகப் பார்த்தேன். வேறு வழி இல்லையா?

ஓடித்திரிபவன் எழுதியது:

கைடு தேவையே இல்லை. கைபேசியில் ஆஃப்லைன் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்ல ஸ்டேஷனில் இருந்து பண்டாரவளைப் பக்கமாகத் தண்டவாளத்தோடு போனால் கித்தல்எல்ல ஸ்டேஷன் வரும். அதையும் தாண்டி ஓடைப் பாலம் வந்ததும் இடப்பக்கம் இறங்கினால் ஒற்றையடிப் பாதை. தேயிலை, மானாப்புல், பிறகு யூக்கலிப்டஸ் காடு, பிறகு கல். போய்வர நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன், வழியில் "இந்தப் பக்கம் பாதை மூடியிருக்கு, என்னோட வாங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுற்ற வைத்துவிட்டுக் காசு கேட்பார்கள். எனக்கு நடந்தது.

கொழுந்துக்கூடை எழுதியது:

வழி மாற்றிவிட்டுக் காசு கேட்பது அயோக்கியத்தனம், அதில் பேச்சில்லை. ஆனால் ஒன்றிரண்டு பேர் செய்வதற்காக அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரையும் கள்ளர்களாக்கி எழுதுவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. அந்த ஒற்றையடிப் பாதை யாருடையது என்று யாராவது யோசித்தீர்களா? பாதி தூரம் சிறு தோட்டக்காரர்களின் தேயிலைத் துண்டுகளுக்கு ஊடாகத்தான் போகிறது. நாளைக்கு நூறு பேர் மிதிக்கிறார்கள். ஒரு பையன் கூட வந்து வழி காட்டினால், புறப்படுமுன்பே தொகையைப் பேசிக் கொடுத்துவிடுங்கள். பேசாமல் போய்விட்டு உச்சியில் நின்று சண்டை பிடிப்பதுதான் இரு பக்கத்திலும் நடக்கிறது.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், அந்த உரிமையில் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். தேயிலைக்குள் குறுக்கே விழுந்து போகாதீர்கள். நிரைகளுக்கு நடுவே தண்ணீர் ஓடக் கான் வெட்டியிருக்கும். செடி மூடியிருப்பதால் மேலே இருந்து பார்த்தால் தெரியாது, காலை வைத்தால் முழங்கால் வரை இறங்கும். கவ்வாத்து வெட்டிய மலை இன்னும் மோசம், சரிவாகச் சீவிவிட்ட குச்சி சப்பாத்தையே கிழிக்கும். கொழுந்து எடுக்கிற அக்காமாரைக் கண்டதும் கமராவைத் தூக்கிக்கொண்டு "கொஞ்சம் சிரிங்க" என்று நிறுத்தி வைக்காதீர்கள். அவர்களுக்கு அன்றைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது. குறைந்தால் அரைப்பேர்தான் விழும். கேட்டு, அவர்கள் சரி என்றால், வேலை நடக்கிறபடியே எடுத்துக்கொண்டு போங்கள்.

வடமராட்சியான் எழுதியது:

அரைப்பேர் எண்டால் அரைநாள் சம்பளமோ?

கொழுந்துக்கூடை எழுதியது:

ஆமாம். நாள் முழுக்க மலையில் நின்றாலும்.

நெறியாளர் எழுதியது:

தண்டவாளம் பற்றி: ரயில்வே சட்டப்படி அதில் நடப்பது குற்றம். எல்லப் பக்கத்தில் படம் எடுக்கப்போய் ரயிலில் அடிபட்டவர்கள் பற்றிச் செய்தி வராத வருடம் இல்லை. இந்த இழையில் அதைப் பரிந்துரையாக எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பசறைக்காரன் எழுதியது:

நெறியாளர் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். "கோச்சி வந்தால் சத்தம் கேட்கும்தானே" என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பண்டாரவளையிலிருந்து எல்லக்கு இறக்கம். மேலே ஏறும் எஞ்சின் முக்கி முனகிக்கொண்டு வரும், அது தூரத்திலேயே கேட்கும். இறங்கி வருவது அப்படியல்ல, வெட்டிய மலைக்கும் வளைவுக்கும் பின்னால் இருந்து பொசுக்கென்று முன்னால் நிற்கும். நீங்கள் கித்தல்எல்லப் பக்கம் நடக்கும்போது எதிரே வருவது அந்த இறங்கும் கோச்சி. கச்சான் அடிக்கிற நாளில் காதில் காற்றைத் தவிர ஒன்றும் விழாது.

ஆட்டோக்காரரிடம் கித்தல்எல்ல என்று சொன்னால் ரோட்டு வழியே கொண்டுபோய் விடுவார். அங்கிருந்து பாதைக்குப் போகும் வழியையும் அவரிடமே கேளுங்கள்.

நேரம்: ஆறு மணியளவில் விடிகிறது. ஆறரைக்குக் கால் பாதையில் இருக்க வேண்டும். ஒன்பதரைக்குள் உச்சி, மத்தியானத்துக்குள் கீழே. வெயிலுக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. வானிலை அறிக்கையில் ஊவா, கிழக்கு மாகாணங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு இடியுடன் மழை என்று வரும் பாருங்கள், அது இந்தக் காலத்திலும் சில நாள் நடக்கும். காலையில் துளி மேகம் இருக்காது, மூன்று மணிக்கு இடி இடிக்கும். மொட்டைக் கல்லில் நிற்கிற உயரமான பொருள் நீங்கள்தான்.

தாதி அக்கா எழுதியது:

வெயிலையும் இடியையும் சொன்னீர்கள், குளவியை ஒருவரும் சொல்லவில்லை. மலையக ஆஸ்பத்திரி எதிலாவது வேலை செய்தவர்களைக் கேளுங்கள். குளவிக் கொட்டு வாங்கிக் கூட்டமாக வருகிற நாட்கள் உண்டு, பெரும்பாலும் கொழுந்து எடுக்கிறவர்கள். பெரிய மரக்கிளையிலும் கல்லின் ஓரத்துக்குக் கீழேயும் மலைத்தேனீயும் கூடு கட்டும். உச்சியில் விளிம்புக்கு வெளியே கல் எறிவது, கூவி எதிரொலி கேட்பது, வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டு போவது, இதெல்லாம் வேண்டாம்.

கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்காதீர்கள். துணியால் முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு, வந்த பாதையிலேயே விலகிப் போங்கள், விளிம்புப் பக்கம் ஓடக் கூடாது. தேனீயின் கொடுக்கு தோலில் தங்கும், நகத்தாலோ எதனாலோ உடனே எடுத்துவிட வேண்டும். எப்படி எடுத்தோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுத்தோம் என்பதே முக்கியம். உதடு, முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸ் இலவசம். மலை அடிவாரத்துக்குத்தான் வரும், ஆளைக் கீழே கொண்டுவருவது உங்கள் பொறுப்பு. அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்பது.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர். காற்று அடிப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும், வியர்க்கவில்லை என்று நினைத்துக் குடிக்காமல் இருப்பார்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச்சீனித் தூள், ஒரு ஜீவனிப் பக்கற், பையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் தேசிக்காய்த் தண்ணியில் உப்பும் சீனியும்.

ஓடித்திரிபவன் எழுதியது:

சின்ன காஸ் அடுப்பு ஒன்றும் கொண்டு போங்கள். உச்சியில் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ போட்டுக் குடிப்பதற்கு ஈடு இணை கிடையாது.

பசறைக்காரன் எழுதியது:

தயவுசெய்து வேண்டாம். ஆகஸ்டில் அந்த மானாப்புல் கையில் நொறுங்கும். அதற்கு மேலே யூக்கலிப்டஸ், தரை முழுக்க எண்ணெய் ஊறிய சருகு. பதுளை மாவட்டத்தில் இந்த மாதங்களில் எரிகிற மலைகளில் தானாகப் பற்றியது என்று சொல்ல அநேகமாக ஒன்றும் இருக்காது. ஒரு சிகரெட் போதும். காற்றும் மேல்நோக்கி அடித்தால் தீ நம்மைவிட வேகமாக மலை ஏறும். ஒரு தேத்தண்ணிக்காக இது வேண்டுமா? ஃபிளாஸ்கில் கொண்டு போங்கள்.

ஓடித்திரிபவன் எழுதியது:

காஸ் அடுப்பு சிகரெட் இல்லையே அண்ணே, கல்மேல் வைத்து எரித்தால் என்ன ஆகிவிடும்?

கொழுந்துக்கூடை எழுதியது:

கல்மேல் வைப்பீர்கள் சரி, உங்களைப் பார்த்து வருகிறவர் புல்மேல் வைப்பார். போன வருடங்களில் எரிந்த சரிவுகளில் மழை வந்ததும் மண் எப்படி இறங்கியது என்று அடியில் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் இருக்கிறவர்களைக் கேளுங்கள்.

வாவிக்கரை எழுதியது:

போய்விட்டு வந்துவிட்டோம்! எழுதாமல் விட்டால் மரியாதை இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மாமி மூன்றரைக்கே எழும்பி ரொட்டி சுட்டுவிட்டார். ரொட்டி, கட்டச் சம்பல், தோடம்பழம், ஃபிளாஸ்கில் தேத்தண்ணி. ஆட்டோ கித்தல்எல்லப் பக்கம் இறக்கிவிட்டது. தண்டவாளத்தைக் குறுக்கே கடக்க மட்டும் வேண்டியிருந்தது. கொஞ்ச தூரத்தில் மண்வெட்டியோடு நின்ற ஒரு ஐயா, நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு, "எந்த ஊரு தம்பி?" என்று ஆரம்பித்தார். முதல் பிரிவில் இடப்பக்கம், பிறகு புல்லுக்குள் தெளிவாகத் தெரிகிற பாதை என்று கையால் காட்டினார். காசு நீட்டியதற்கு வாங்கவில்லை. திரும்பி வரும்போது அவர் வீட்டு வாசலில் விற்ற இளநீரை வாங்கிக் குடித்தோம், கணக்கு நேரானது.

புல் பகுதி லேசு. காடு தொடங்கும் இடத்தில்தான் மலை தன் வேலையைக் காட்டியது. பாதை நேர் மேலே போகிறது. மண் முழுவதும் மாவாகிக் கிடக்கிறது, பிடித்து ஏற யூக்கலிப்டஸ் வேர்கள் மட்டும். ஆயிரம் கைகள் பிடித்துப் பிடித்து அந்த வேர்கள் கோயில் வாசற்படி மாதிரி மினுங்குகின்றன. அக்கா இரண்டு தடவை "நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போய் வாங்கோ" என்றாள். பையன் அவளுடைய பையைப் பிடுங்கித் தன் முன்பக்கம் மாட்டிக்கொண்டு ஏறினான். வீட்டில் ஒரு தட்டைக் கழுவாத பிள்ளை.

உச்சிக் கல்லைப் பற்றி யாரும் சரியாக எழுதவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். அது மட்டமான கல் இல்லை, வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மேலே நுண்ணிய சரளை தூவியது போல் கிடக்கிறது, சப்பாத்து பிடிக்காமல் உருள்கிறது. விளிம்பிலிருந்து நாலைந்து அடி பின்னாலேயே நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். காற்று தம்பியின் தொப்பியைக் கொண்டுபோனது. எதிரே லிட்டில் அடம்ஸ் பீக், நடுவில் எல்ல இடைவெளி, அதற்குள் வெல்லவாய ரோட்டு வளைந்து வளைந்து இறங்குகிறது, அப்பால் தெற்கே தட்டையான நிலம் வெயில் புகையில் கரைந்துபோகிறது. ஒரு வெளிநாட்டுப் பெண் விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து படம் எடுக்கச் சொன்னாள். அக்கா, "பிள்ளை, முதல்ல உள்ளுக்கு வாங்கோ" என்று தமிழில் அதட்டினாள். அவளும் என்ன விளங்கியதோ, வந்துவிட்டாள்.

ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். அந்த மாவு மண்ணில் உட்கார்ந்து வழுக்கித்தான் வந்தோம். தம்பி போட்டிருந்தது பாட்டா செருப்பு, ஒரு வார் அங்கேயே போய்விட்டது. பன்னிரண்டு மணிக்குக் கீழே.

பின்னேரம் பண்டாரவளையில் மாமா வீட்டு மாடியில் நின்று பார்த்தால், மேற்கே ஹப்புத்தளைத் தொடரின் உச்சி முழுக்க மேகம் குவிந்து நிற்கிறது. இந்தப் பக்கம் இறங்கப் பார்க்கிறது, இறங்கிய இடத்திலேயே காணாமல் போகிறது. எங்கள் பக்கம் காய்ந்த காற்றும் வெயிலும். பசறை அண்ணாவின் பதிவை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இதைத்தானே நானும் சொன்னேன்" என்கிறார்.

பசறைக்காரன் எழுதியது:

மாமாவுக்கு என் வணக்கம். தொப்பியை எடுக்க யாரும் விளிம்புக்குப் போகவில்லை என்று படித்தபோதுதான் நிம்மதி. அடுத்த முறை பெப்ரவரியில் வாருங்கள், அப்போது கிரிகல்பொத்தையைப் பேசலாம். காலையில் புல்லில் பனி உறைந்திருக்கும்.

வடமராட்சியான் எழுதியது:

பாட்டாவோட எல்ல ராக் ஏறின தம்பிக்கு ஒரு சலாம்.

புதியவர் ஒருவர் (மல்லிகைப்பந்தல்) எழுதியது:

இழையை முழுக்க வாசித்தேன். எங்களுக்கும் அடுத்த வாரம் எல்லப் பயணம். அம்மாவுக்கு அறுபத்தைந்து, முழங்கால் கொஞ்சம் வலி. அந்த வேர் பிடித்து ஏறுவது அவரால் முடியாது. உச்சி என்று ஏதாவது ஒன்றில் அவரும் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்.

கொழுந்துக்கூடை எழுதியது:

லிட்டில் அடம்ஸ் பீக்குக்குக் கூட்டிப் போங்கள். 1,141 மீற்றர். பாதி தூரத்துக்கு மேல் தேயிலை மலைக்கு நடுவே நல்ல பாதை, ஆட்டோவும் கொஞ்ச தூரம் உள்ளே வரும். கடைசியில் மட்டும் படிகள். அம்மா நின்று நின்று ஏறட்டும், இறங்கும்போது முழங்காலுக்கு ஒரு தடி வேண்டும். முதல் உச்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் உள்ள அடுத்த மேடுகளுக்குப் போகிற பாதையில் மண் சறுக்கும். அங்கே நிழல் கிடையாது, எட்டு மணிக்குள் மேலே போய்விடுங்கள். கொழுந்து எடுக்கிறவர்கள் அந்த நேரத்தில் மலைக்கு வந்திருப்பார்கள், அம்மாவுக்குப் பேச்சுத் துணைக்குக் குறைவிருக்காது.